பாசியின் நஞ்சு பகைவருக்கானதன்று

கோடை முற்றிய காலத்தில் ஏரிகளின் மேற்பரப்பில் பச்சை வர்ணத்தைக் கரைத்துக் கொட்டினாற்போல் படர்கின்ற நீலப்பச்சைப் பாசிகளுள் மைக்ரோசிஸ்டிஸ் என்பது உலகெங்கும் பேர்போனது. அது தன் உயிரணுவுக்குள் மைக்ரோசிஸ்டின் என்னும் கொடிய நஞ்சொன்றை வைத்திருக்கிறது என்பதைச் செய்தித்தாள் படிப்போர் பலரும் அறிவர். அந்த நஞ்சு எதற்காக என்று கேட்டால், பாடநூலாசிரியரும் பத்திரிகையாளரும் கரையோரத்தில் எச்சரிக்கைப் பலகை நடுகிற அதிகாரியும் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள்: தன்னைத் தின்ன வரும் நுண்ணிய நீர்ப்பிராணிகளைக் கொன்று தன் குலத்தைக் காத்துக்கொள்ளவே பாசி அதனை உண்டாக்குகிறது என்பார்கள். கேட்ட மாத்திரத்தில் மனம் ஏற்றுக்கொள்ளும் விடை இது. ரோஜாவுக்கு முள்ளும் பாம்புக்குப் பல்லும் எதற்கென்று சிறுவயதிலேயே கற்றுவிட்ட நமக்குப் பாசிக்கு நஞ்சு எதற்கென்பதில் சந்தேகம் எழ இடமேது? ஆயினும் இந்தச் சித்தாந்தம் பிழையானது என்பதும், அப்பிழை ஏட்டளவில் நின்றுவிடாமல் ஏரிகளைப் பேணும் காரியத்திலும் புகுந்து குழப்பம் விளைக்கிறது என்பதுமே இக்கட்டுரையின் கட்சி.

எதிர்க்கட்சியாரின் நியாயத்தை அதன் முழு வலுவோடும் எடுத்துரைத்த பின்னரே அதை மறுப்பது முறையாகும். மைக்ரோசிஸ்டின் என்பது ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த ஒரு சிறு மூலக்கூறு. அதைச் செய்து முடிக்கப் பத்து மரபணுக்கள், ஏறத்தாழ 55,000 எழுத்து நீளத்தில் ஒரே தொகுதியாக நிற்கின்றன. அவை ஆக்கும் நொதிகளோ உயிரணு செய்யும் புரதங்களிலேயே மிகப் பெரியவற்றைச் சேர்ந்தவை. நாலைந்து மைக்ரான் குறுக்களவுள்ள ஓர் அற்ப ஜீவன் இவ்வளவு பெரிய பட்டறையைப் பிரயோஜனமின்றி வைத்து நடத்தாது. அந்தப் பொருளோ தின்னுகிற பிராணியைக் கொல்கிறது. ஆகவே கொல்வதே அதன் பிரயோஜனம் என்பது அவர்கள் வாதம். இதன் முதற்பாதியை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பிரயோஜனம் உண்டு என்பது வேறு, இன்னதுதான் பிரயோஜனம் என்பது வேறு. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாண்டும்போது அவர்கள் கால்வைப்பதற்கு நடுவில் ஒரு கல்லும் இல்லை.

அந்த நஞ்சு யாரைக் கொல்கிறது, எப்படிக் கொல்கிறது என்பதையே பார்ப்போம். 1996-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் கருவாரு நகரில் சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் நிலையமொன்றுக்கு வந்த தண்ணீரில் இந்த நஞ்சு கலந்திருந்தமையால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு மாண்டனர். பித்த உப்புகளை உள்ளே இழுத்துக்கொள்வதற்கென்று நம் ஈரல் அணுக்களில் உள்ள வாயில்கள் ஆள் தெரியாமல் இந்த மூலக்கூறையும் உள்ளே விட்டுவிடுகின்றன. உள்ளே சென்றது புரதங்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் இரு முக்கிய நொதிகளைப் பற்றி முடக்குகிறது. அணுவின் சட்டகமே குலைகிறது. மனிதனின் ஈரலையோ, கரையில் நீர் குடித்து விழும் மாட்டின் ஈரலையோ குறிவைத்துப் பாசி இதைச் செய்தது என்று எதிர்க்கட்சியாரும் சொல்வதில்லை. அது தற்செயல் என்கிறார்கள். கிணற்றுக் கயிறு காலில் சிக்கி ஒருவன் விழுந்தால், அவனை வீழ்த்தவே அந்தக் கயிறு திரிக்கப்பட்டது என்பாருண்டோ? மாட்டின் விஷயத்தில் தற்செயலாக இருப்பது பாசியைத் தின்னும் நீர்த்தெள்ளு என்ற சிறு பிராணியின் விஷயத்தில் மட்டும் சங்கற்பமாக மாறுவது எந்தப் பிரமாணத்தால் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பிரமாணம் தேடுவோருக்கு 1997-ஆம் ஆண்டு ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தது. நெதர்லாந்து நாட்டு நீர்த்தேக்கமொன்றிலிருந்து 1972-இல் பிரித்தெடுக்கப்பட்டு, பி.சி.சி. 7806 என்ற எண்ணோடு உலகத்து ஆய்வுக்கூடங்களிலெல்லாம் வளர்ந்து வருகிற ஒரு மைக்ரோசிஸ்டிஸ் வம்சத்தில், பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்க் டிட்மானும் தாமஸ் பெர்னரும் அவர்தம் கூட்டாளிகளும் நஞ்சு செய்யும் மரபணுக்களில் ஒன்றைத் துண்டித்து நஞ்சில்லாத வடிவமொன்றை உண்டாக்கினர். ஒரே குருதி, ஒரே உருவம், ஒரே ஒரு மரபணுவில் பேதம் என்ற நிலையில் நஞ்சுள்ளதும் நஞ்சற்றதுமான இரண்டு வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து நின்றன. எதற்காக நஞ்சு என்ற கேள்வியை ஏரியைப் பார்த்துக் கேட்பதைவிட இந்த இரட்டையரைப் பார்த்துக் கேட்பதே தகும்.

முதலில் கேட்டவர்கள் நீர்த்தெள்ளுகளைக் கொண்டு கேட்டார்கள். டாஃப்னியா என்று சொல்லப்படும் இந்த நீர்த்தெள்ளு, ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள, உள்ளுறுப்பெல்லாம் வெளியே தெரியும்படி கண்ணாடிபோன்ற ஓடு போர்த்த பிராணி. அதன் மார்புக் கால்கள் ஓயாமல் அடித்துக்கொண்டே தண்ணீரை ஓட்டுக்குள் இழுக்க, கால்மயிர்களில் சிக்கும் துகள்கள் ஒரு சிறு வாய்க்கால் வழியாக வாய்ப்பக்கம் ஊர்ந்து சென்று தாடைகளுக்கு இடையில் நசுங்குகின்றன. வேண்டாதது வந்து அடைத்துக்கொண்டால் வால்நுனிக் கொக்கியால் வாரி வெளியே எறிந்துவிட்டு, கால் அடிப்பதையும் தாடை அசைப்பதையும் அது தளர்த்திவிடுகிறது. 1999-இல் வெளியான ஆய்வொன்றில் இரு வடிவங்களையும் இதற்குத் தீனியாகக் கொடுத்தபோது, நஞ்சுள்ள வடிவத்தைத் தின்றவை மாண்டன, நஞ்சற்றதைத் தின்றவை அவ்வாறு நஞ்சேறி மாளவில்லை. இதுவரை எதிர்க்கட்சியாருக்கு வெற்றிதான். ஆனால் அதே ஆய்வின் மறுபாதியை அவர்கள் அதிகமாக எடுத்துச் சொல்வதில்லை. நீர்த்தெள்ளு தின்பதைத் தளர்த்திக்கொண்டது இரு வடிவங்களிடத்தும் ஒன்றுபோலவே நிகழ்ந்தது. அதாவது, பிராணியின் வாயை அடைத்தது மைக்ரோசிஸ்டின் அன்று, இரண்டு வடிவங்களுக்கும் பொதுவான வேறேதோ. தின்னப்படுகிற உயிருக்குப் பயன்படும் காவல் என்பது தின்னவிடாமல் தடுப்பதேயன்றி, தின்று முடித்தவனைச் சில நாள் கழித்துப் பழிவாங்குவது அன்று. மைக்ரோசிஸ்டினோ உயிரணு உயிரோடிருக்கும்வரை பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது; அது வெளிப்பட வேண்டுமானால் அணு உடைய வேண்டும். தான் மசிக்கப்பட்ட பிறகுதான் எழும்பும் ஆயுதம் தனக்கு என்ன செய்யும்? அண்டையிலிருக்கும் சகோதர அணுக்களுக்கு நன்மை என்பார்கள். அந்த விடையிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நஞ்சற்ற அண்டையாரும் செலவின்றி அதே நன்மையைப் பெறுகிறார்கள் என்பதும், ஏரிகளில் நஞ்சுள்ளனவும் நஞ்சற்றனவும் கலந்தே மிதக்கின்றன என்பதும் அந்த நியாயத்தைப் பெரிதும் தேய்த்துவிடுகின்றன.

அடுத்து வயதைப் பற்றிய சாட்சியம். ஹெல்சிங்கி நகரத்து ஆய்வாளர்கள் 2004-இல் பற்பல பாசியினங்களின் நஞ்சு மரபணுக்களை ஒப்பிட்டு, அவற்றின் வம்சாவளி அப்பாசிகளின் பொதுவான வம்சாவளியோடு இசைந்து செல்வதைக் காட்டினர். இடையில் எங்கிருந்தோ கடன்வாங்கிய சரக்கன்று இது; மிகப் பழைய மூதாதையிடமிருந்து இறங்கி வந்தது; நஞ்சற்ற வடிவங்கள் பல அதைப் பிற்காலத்தில் இழந்தவையே. அந்த மூதாதையின் காலம் நீர்த்தெள்ளும் துடுப்புக்காலிகளும் மட்டுமல்ல, விலங்கினமே உலகில் தோன்றுவதற்கு முந்தியது. தின்பவன் பிறவாத காலத்தில் தின்பவனுக்கென நஞ்சு சமைத்தது யார்? ஓரணு உயிர்கள் அப்போதும் தின்றிருக்கலாமே என்று எதிர்க்கட்சியார் பின்வாங்கி நிற்கிறார்கள். நிற்கட்டும், ஆனால் நீர்த்தெள்ளைக் காட்டித் தொடங்கிய வழக்கை யாரும் பார்த்திராத ஓரணு உயிரைக் காட்டி முடிக்க நேர்ந்ததே அவர்களுக்கு இழுக்கு.

இனி மரபணுக்கள் எப்போது பேசுகின்றன என்பதைக் கவனிப்போம்; என் கட்சிக்கு இதுவே நடுத்தூண். ஒரு மரபணு இருப்பதும் அது வெளிப்படுவதும் ஒன்றல்ல. வெளிப்படும்போது அதன் நகலாகிய தூது ஆர்.என்.ஏ. உண்டாகிறது, அதை அளந்தால் பட்டறை ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியும். 2000-ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் அளந்தபோது, ஒளி மிகுந்தாலும், செந்நிற ஒளி பட்டாலும், நஞ்சு மரபணுக்களின் நகல்கள் பெருகுவதையும் நீல ஒளியில் குறைவதையும் கண்டனர். பிற்பாடு பகலிரவு முழுதும் எல்லா மரபணுக்களையும் தொடர்ந்து அளந்தவர்கள், நஞ்சு மரபணுக்கள் ஒளிவேளையில் மும்முரமாகி இருளில் தணிவதைக் கண்டனர். நீர்த்தெள்ளுகளோ பல ஏரிகளில் மீனுக்கு அஞ்சிப் பகலில் ஆழத்தில் பதுங்கி, இரவில்தான் மேலேறி வந்து மேய்கின்றன. செய்த நஞ்சை இரவுக்கென்று சேமித்து வைக்கலாமே என்று யாரும் சொல்லக்கூடுமாதலால் இந்த ஒன்றை மட்டும் கொண்டு நான் வழக்கை முடிக்கவில்லை. ஆனால் இதனோடு வேறொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: அந்த மரபணுத் தொகுதியின் தொடக்கப் பகுதியில் பற்றிக்கொள்ளும் புரதங்களுள் ஒன்று, உயிரணுவில் கரிக்கும் நைட்ரஜனுக்குமுள்ள சமநிலையைக் கணக்குப் பார்ப்பது, மற்றொன்று இரும்பின் அளவைக் கவனிப்பது. ஒளி, கரி, நைட்ரஜன், இரும்பு ஆகிய இவை நான்கும் ஒளிச்சேர்க்கை என்னும் குடித்தனத்தின் வரவுசெலவுகள். ஆயுதக் கிடங்கின் சாவி அடுக்களையில் தொங்குகிறது என்றால், அது ஆயுதக் கிடங்குதானா என்று ஐயுறுவது அறிவுடைமை.

2000-ஆம் ஆண்டின் அளவையில் ஒரு புதிரும் இருந்தது. நகல்கள் பெருகின; ஆனால் உயிரணுவிலிருந்து வடித்தெடுத்த நஞ்சின் அளவு அதற்கேற்ப உயரவில்லை. பட்டறை ஓடுகிறது, சரக்கைக் காணோம். இதற்கு விடை 2011-இல் பெர்லின் குழுவினரிடமிருந்து வந்தது. மைக்ரோசிஸ்டின் அணுவுக்குள் சும்மா மிதந்துகொண்டிருக்கவில்லை. மிகுந்த ஒளியிலும் ஆக்ஸிகரண நெருக்கடியிலும் அது புரதங்களின் சிஸ்டீன் கைகளைப் பற்றிக்கொண்டு விலகாத பந்தமாகிவிடுகிறது. அவ்வாறு பற்றப்படும் புரதங்களுள் முதன்மையானது ருபிஸ்கோ, அதாவது காற்றின் கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கத் தொடங்குகிற அதே நொதி. வழக்கமான திராவகத்தால் வடித்தெடுக்கும்போது புரதத்தோடு ஒட்டிய இந்தப் பங்கு அளவையில் வராமல் போகிறது. இவ்வாறு, தின்பவர்களுக்கென்று ஒதுக்கியதாகச் சொல்லப்பட்ட பொருளில் ஒரு பங்கு, நெருக்கடி வேளையில் வீட்டுக்குள்ளேயே, அதுவும் வீட்டின் தலையாய வேலைக்காரனிடம் போய்ச் சேர்வதைக் கண்டோம். நஞ்சற்ற வடிவத்தை அதே ஒளியில் வைத்தபோது அது நஞ்சுள்ளதைவிட அதிகமாக வருந்தியது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அதே ஆண்டில், நஞ்சுள்ள வம்சமொன்றையும் நஞ்சற்ற வம்சமொன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டியிடச் செய்தபோது, கரியமில வாயு குறைந்த நிலையில் நஞ்சுள்ளது வென்றது. வாயு மிகுந்து ஒளிக்கே போட்டி என்றானபோது நஞ்சற்றது வென்றது. அந்தப் பாத்திரத்தில் தின்னும் பிராணி ஒன்றுகூட இல்லை என்பதை எதிர்க்கட்சியார் தயவுசெய்து நினைவில் வைக்கவேண்டும்.

எல்லாச் சாட்சியமும் என் பக்கமே சாய்கிறது என்று சொன்னால் அது வக்கீல் பேச்சாகுமேயன்றி விஞ்ஞானமாகாது. ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றிப் பார்த்த ஆய்வொன்றில், நஞ்சற்ற வடிவமே அதை விரைந்து சிதைத்தது. பெராக்ஸைடை ஒழிக்கும் நொதியொன்றின் மரபணு அதில் முன்கூட்டியே மும்முரமாக இருந்தது. 2015-இல் இரு வடிவங்களின் மரபணு வெளிப்பாடு முழுவதையும் குறைந்த ஒளியிலும் மிகுந்த ஒளியிலும் ஒப்பிட்டபோதும், நஞ்சில்லாமையால் நஞ்சுக்குச் சம்பந்தமில்லாத பிற துணைப்பொருள்களின் மரபணுக்கள்கூட ஏறியும் இறங்கியும் மாறியிருந்தன. ஆகையால் நஞ்சு பாதுகாப்புக் கவசம் என்ற எளிய மாற்றுச் சூத்திரத்தையும் நான் முன்வைக்கவில்லை. ஆனால் இந்த மாறுதல்களின் சுபாவத்தைப் பாருங்கள்: கொல்லும் கருவி ஒன்று மட்டும் பறிபோயிருந்தால், எதிரியே இல்லாத கண்ணாடிக் குடுவையில் வாழும் உயிருக்கு அதனால் ஒன்றும் குறைந்திராது, பிற மரபணுக்கள் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கேயோ ஒன்றை எடுத்தவுடன் வீடு முழுவதும் இடம்மாற்றி அடுக்கப்படுகிறது. அந்த ஒன்று வீட்டு நிர்வாகத்தில் பிணைந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

உருவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏரித்தண்ணீரில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் மைக்ரோசிஸ்டிஸ் தனித்தனி அணுவாகத் தென்படுவது அரிது. கண்ணுக்குத் தெரியாத வழுவழுப்பான கூழுறைக்குள் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான உருண்டைகள் நெருங்கி, ஆங்காங்கே ஓட்டை விழுந்த கந்தல் துணிபோல் ஒரு கூட்டமாக மிதக்கும். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் அதை மிதக்கவைக்கும் வாயுக்குமிழ்கள் கருத்து மினுங்கும். ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து சில காலம் வளர்த்தால் இந்தக் கூட்டம் கலைந்து தனியணுக்களாகிவிடும். கூட்டம் பெருத்தால் நீர்த்தெள்ளின் வாய்க்காலில் அது நுழையாது. தனியணுவும் சிறு கூட்டமுமே தின்னப்படும் ஆபத்தில் உள்ளவை. நஞ்சு காவலுக்கானதென்றால் சிறியவற்றில்தான் அது மிகுந்திருக்க வேண்டும். பெர்லினின் வான்சே ஏரியில் கூட்டங்களை அளவுவாரியாகச் சலித்து மரபணுக்களை எண்ணிப் பார்த்து 2003-இல் வெளியிட்டவர்கள் கண்டது இதற்கு நேர்மாறு: கூட்டம் பெரிதாக ஆக, நஞ்சு மரபணு உள்ளவற்றின் பங்கும் கூடியது. சிறிய நஞ்சுள்ளவை பெரியவையாக வளர்ந்துவிட்டன என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம்; ஆனால் 2012-இல் சீனாவின் வூஹான் ஆய்வாளர்கள், வெளியிலிருந்து மைக்ரோசிஸ்டினைச் சேர்த்தபோது கூட்டங்கள் பெருப்பதையும், கூழுறைச் சர்க்கரைகளைச் செய்யும் மரபணுக்களின் வெளிப்பாடு உயர்வதையும் காட்டினர். இறந்த அணுவிலிருந்து வெளிவரும் நஞ்சு, தின்றவனைத் தேடிச் செல்வதற்கு முன், உயிரோடிருக்கும் உறவினரிடம் செய்தி சொல்கிறது என்றே இதைக் கொள்ளவேண்டும்.

எதிர்க்கட்சியாரின் கையில் எஞ்சியுள்ள வலுவான ஆவணம், 2003-இல் கொரிய, ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டது: நீர்த்தெள்ளு முதலியவை வாழ்ந்த தண்ணீரில் வைத்தாலே பாசியின் நஞ்சு கூடுகிறது என்பது. எதிரியின் வாசனையைக் கண்டு வாளை உருவுகிறது என்று இதற்கு அவர்கள் வியாக்கியானம் செய்கிறார்கள். ஆனால் பிராணிகள் வாழ்ந்த தண்ணீரில் அவற்றின் வாசனை மட்டுமா இருக்கும்? அவை கழித்த அம்மோனியாவும் இருக்கும். மைக்ரோசிஸ்டினின் மிகப் பிரசித்தமான வகையில் மூலக்கூறொன்றுக்கு 10 நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. நைட்ரஜன் கணக்குப் பார்க்கும் புரதமே அதன் மரபணுக்களைப் பற்றியிருக்கிறது என்று மேலே கண்டோம். தீனிபோட்ட பயிர் செழிப்பதைக் கண்டு, பயிர் நம்மேல் கோபங்கொண்டது என்று அநுமானிப்பது அவசரம். ஹ்யூரான் ஏரியிலும் ஈரி ஏரியிலும் குடியேறிய வரிச்சிப்பிகள் பிற பாசிகளைத் தின்றுவிட்டு மைக்ரோசிஸ்டிஸைக் கூழோடு துப்பிவிடுவதால் அது பெருகுகிறது என்ற சாட்சியமும் உண்மையே. ஒரு பொருளால் இன்று ஓர் ஆதாயம் கிடைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த ஆதாயமே அதைப் படைத்தது, அதுவே அதை ஏற்றி இறக்குகிறது என்பதைத்தான் மறுக்கிறேன்.

இது வெறும் ஏட்டுச் சண்டையா? 2014 ஆகஸ்டு 2-ஆம் தேதி அதிகாலையில், ஈரி ஏரியின் மேற்குக் கோடியிலுள்ள டொலீடோ நகரத்தில், குழாய்த் தண்ணீரைக் குடிக்கவேண்டாம், கொதிக்க வைத்தும் பயனில்லை என்று அறிவிக்கப்பட்டு, நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் புட்டித் தண்ணீருக்கு வரிசையில் நின்றனர். லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை நஞ்சு தாண்டியிருந்தது. அதன்பின் அமெரிக்காவும் கனடாவும் அந்த ஏரிக்குள் வரும் பாஸ்பரஸை 2008-ஆம் ஆண்டு அளவிலிருந்து 40 சதவிகிதம் குறைப்பதென்று உடன்பட்டன. பாசி குறைந்தால் நஞ்சும் அதே விகிதத்தில் குறையும் என்பது இதன் உள்ளார்ந்த கணக்கு. நஞ்சு ஆயுதமென்றால் இக்கணக்கில் தவறு காண்பது கடினம்: படை குறைந்தால் வாளும் குறையும். ஆனால் நஞ்சு ஒளிக்கும் நைட்ரஜனுக்கும் கட்டுப்பட்ட நிர்வாகப் பொருளென்றால், பாசி மெலிந்து தெளிந்த தண்ணீரில் எஞ்சிய ஒவ்வோர் அணுவுக்கும் அதிக ஒளியும் அதிக நைட்ரஜனும் கிடைக்கும். அப்போது பாசி குறைந்தும் நஞ்சு குறையாதிருக்கலாம். 2022-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபெர்டி ஹெல்வெகர் குழுவினர் கணினிக் கணக்கொன்றின் மூலம் இதையே சொன்னார்கள். பாஸ்பரஸை மட்டும் குறைத்தால் ஈரி ஏரி அதிக நஞ்சுள்ளதாகக்கூடும் என்ற அவர்கள் முடிவைப் பிறர் வன்மையாக ஆட்சேபித்தனர். அந்த விவாதத்தில் யார் சரி என்று ஏரியில் அளந்துதான் சொல்லமுடியும்.

அந்த அளவையை எப்படி நடத்துவதென்று எதிர்க்கட்சியாருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை இருக்கத் தேவையில்லை. ஒளியும் நைட்ரஜனும் கரியமில வாயுவும் மாறாதிருக்கையில், மேயும் பிராணிகளின் தொகை ஏற ஏற நஞ்சு மரபணுக்களின் நகல்களும், புரதத்தோடு ஒட்டியதையும் சேர்த்து அளந்த நஞ்சும் ஏறுகின்றன என்று ஓர் ஏரியிலேனும் அவர்கள் காட்டட்டும். அதுவரையில், தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்தார் பாசியின் அடர்த்தியையும் நஞ்சு மரபணுவின் இருப்பையும் மட்டும் எண்ணிக்கொண்டிராமல், ஆற்றுவழி வரும் நைட்ரேட்டின் அளவையும் நீரின் தெளிவையும் வாரந்தோறும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாக.